திறந்து பார்ப்பவர்களுக்குத் தள்ளுபடி இல்லை

மார்ச் ஏழாம் தேதி, திங்கட்கிழமை காலை, பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளத்தில், பள்ளி நூலகர் ஒருத்தி தன் அப்பாவுக்காக ஒரு காற்று மெத்தையை இணையக் கடையின் கூடையில் போட்டாள். பணம் கட்டாமல் பக்கத்தை மூடினாள்.

அப்படிச் செய்யச் சொன்னவன் அவள் தம்பி. அந்தக் கடையில்தான் அவனுக்கு வேலை. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் திரும்ப வரவழைப்பது அவன் பொறுப்பு. அலுவலகத்தில் அவனைக் கூடைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவசரப்படாதே அக்கா," என்றான் போனில். "மொத மெசேஜ் சும்மா ஞாபகப்படுத்தும். ரெண்டாவது, சரக்கு தீரப்போகுதுன்னு பயமுறுத்தும். பயந்துடாதே, அதை எழுதுறதே நான்தான். மூணாவதுல கால்வாசி விலை குறையும். அப்போ வாங்கு."

"நர்ஸம்மா சீக்கிரம் வாங்கச் சொன்னாங்கடா. இடுப்புக்குக் கீழ தோல் சிவந்து கிடக்கு."

"மூணு நாள்தானே."

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு குழறினாலும் வாய் ஓயவில்லை. "பேரம் பேசத் தெரிஞ்ச பிள்ளையைப் பெத்திருக்கேன்," என்றார் மகளிடம். அவள் பள்ளிக்குப் போனபின் மாலைவரை அவரைப் புரட்டிப் போட ஆளில்லை. அந்த மெத்தையில் ஒரு சின்ன மோட்டார், காற்றை இடம் மாற்றி மாற்றி நிரப்பும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது. விலை அவள் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

செவ்வாய்க்கிழமை அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் எரிச்சலாக இருந்தார். "ஜனங்க உஷாராயிட்டாங்கப்பா. வேணும்னே கூடையை விட்டுட்டுப் போய் மூணாவது மெசேஜுக்குக் காத்திருக்காங்க. நமக்கே தண்ணி காட்டுறாங்க."

கூடைக்காரன் ஒரு வழி சொன்னான். செய்தி வந்ததும் லிங்க்கைத் தொட்டுக் கூடையைத் திறந்து பார்க்கிறவர், எப்படியும் வாங்கப்போகிறவர். அவருக்கு எதையும் குறைக்க வேண்டாம். ஐந்து நாள் தொடாமல் இருப்பவருக்கு மட்டும் மூன்றாவது செய்தி போகட்டும்.

"அதானே! துடிக்கிறவனுக்கு எதுக்குத் தள்ளுபடி?" மேலாளர் அவன் முதுகில் தட்டினார். அன்று மாலையே விதி நடப்புக்கு வந்தது. கூட்டம் முழுக்க ஒருமுறைகூட அவனுக்கு அக்காவின் நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். "மூணாவது வரலையேடா."

"மத்த ரெண்டும் வந்துச்சா?"

"வந்துச்சு. டிங்குனு சத்தம் கேட்டா போதும், எடுத்துடுவேன். லிங்க்கை அழுத்தி அழுத்தி விலை குறைஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அப்பாவைப் புரட்டும்போதுகூட ஒரு கையில போன்தான்."

தம்பிக்குச் செவ்வாய்க்கிழமை தான் சொன்ன விதி நினைவுக்கு வந்தது.

"என்னடா, இருக்கியா?"

"இருக்கேன். இனிமே அந்த லிங்க்கைத் தொடாதே. அந்தப் பக்கமே போகாதே. புதன்கிழமை தானா வரும்."

"தோல் உரிஞ்சிடுச்சுடா. முழு விலைக்கே வாங்கிடட்டுமா? நீ பாதி போடு."

அவனிடம் பணம் இருந்தது. ஆனால் தன் விதியில் தன் வீடே மாட்டிக்கொண்டு முழு விலை கொடுப்பதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "ஏமாந்தவங்கதான் அக்கா முழு விலை குடுப்பாங்க. புதன்கிழமை வரைக்கும் பொறு."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னவாம்? கடைக்காரன் மனசு இன்னும் இறங்கலையா?"

"நீங்க சும்மா படுங்கப்பா."

"வேற என்னத்தச் செய்யறேன்?"

அக்கா போனைச் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். டிங் என்று கேட்டபோதெல்லாம் அதைத் தொடாமல் இருந்தாள். ஞாயிறன்று அப்பா சோறு வேண்டாம் என்றார். திங்களன்று உடம்பு சுட்டது; மாத்திரை கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸம்மா வந்தார். கட்டுத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னுமா மெத்தை வாங்கலை?"

"நாளைக்கு விலை குறையுதும்மா."

நர்ஸம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

புதன்கிழமை பகலில் மூன்றாவது செய்தி வந்தது. அக்காவும் தம்பியும் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். 'நீங்கள் விட்டுச் சென்றதை நாங்கள் மறக்கவில்லை. உங்களுக்கு மட்டும் கால்வாசி விலை குறைவு.' வாசகம் அவன் எழுதியது.

"வந்துடுச்சு," என்று அக்கா போனை நீட்டினாள்.

"வாங்கிடு. வீட்டுக்கு வந்ததும் வேணுமே."

வாங்கினாள்.

வெளியே வந்த மருத்துவர், அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டதாகவும் புண் எலும்புவரை போயிருப்பதாகவும் சொன்னார். தம்பி எழுந்து நின்றான்.

"போன வாரமே காற்று மெத்தை போட்டிருந்தா, டாக்டர்?"

"சிவந்திருந்தப்பவே போட்டிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க."

அக்காவும் அங்கேதான் நின்றாள். "புதன்கிழமைன்னு சொன்னியேடா," என்றாள்.

மெத்தை வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. சனிக்கிழமை காலை அப்பா இறந்தார்.