ஓல்காவைப் பற்றி ஒன்பது கேள்விகள்

எனக்குக் கண் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கேட்காததில் தவறும் இல்லை. முப்பத்தொன்பது நாளாக நான் சவரம் செய்யவில்லை; துக்கம் காக்கும் ஆண்கள் செய்வதில்லை. கறுப்புச் சட்டை. தூக்கமில்லாமல் வீங்கிய கண்களை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. இடது கையில், முதுகில் கைப்பிடி பொருத்திய ஒரு கறுப்பு லாப்ரடார். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேற வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழி விட்டார்கள். நான் போனேன்.

நாயின் பெயர் ஓல்கா. என் மனைவி எவாந்தியாவின் வழிகாட்டி நாய். எவாந்தியாவுக்கு இருபது வயதில் பார்வை போனது. முப்பத்தொன்றில் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

ஓல்கா எங்களுடையவள் அல்ல. அவளைப் பழக்கிய பள்ளிக்குச் சொந்தம். எட்டு வருடம் வேலை செய்யக்கூடிய நாய், நான்குதான் செய்திருக்கிறாள். பள்ளியின் பயிற்சியாளர் தொமாய்ஸ் இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு வந்து ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி: வேறொருவருடன் பணிபுரிய நாய் தயாராக உள்ளதா?

"ஆம்னு எழுதினா, லாரிசா ஊர்ல கண் தெரியாத ஒரு பொண்ணு காத்திருக்கு. பத்தொன்பது வயசு," என்றார் தொமாய்ஸ். "இல்லைன்னா இவளுக்கு ஓய்வு. உங்ககூடவே இருக்கலாம். நாப்பதாம் நாள் கழிஞ்சு வர்ற திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

"நான் பொய் எழுதினா?"

"என்னால கண்டுபிடிக்க முடியாது, லாம்ப்ரோ. அதான் கஷ்டம்."

அவர் படியிறங்கிப் போனதும் ஏழாவது கேள்விக்கு மட்டும் பென்சிலால் பதில் எழுதினேன். இறந்தவருக்காக நாய் காத்திருக்கும் அறிகுறி உண்டா? உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்கு வாசல் கதவருகே போய் நிற்கிறது. அது உண்மை. அவளை என்னோடு வைத்துக்கொள்ள அந்த ஒரு பதிலே போதும் என்று நினைத்தேன். மற்ற எட்டையும் அதற்கேற்ப எழுதிக்கொள்ளலாம்.

எவாந்தியாவை அவள் பிறந்த தீவில், பாத்மோஸில் புதைத்திருந்தோம். நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்கு நான் அங்கே இருக்க வேண்டும். அந்த வாரம் பயணிகள் கப்பல்களின் மாலுமிகள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஒரு கப்பலும் நகரவில்லை. வெளிநாட்டுக் கொடி கட்டிய உல்லாசக் கப்பல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் இருந்தது. திருமண நாளுக்காக எவாந்தியா ஏழு மாதம் முன்பே எடுத்தது. நான்கு நாள் சுற்று. இரண்டாம் நாள் மாலை பாத்மோஸ். அது சரியாக நாற்பதாம் நாளில் விழுந்தது. இரண்டு பயணிகள், ஓர் உதவி நாய் என்று சீட்டில் இருந்தது. கப்பலின் விதி எளிது: செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை, உதவி நாய்களுக்கு உண்டு.

சீட்டைப் பார்த்த பெண் என் முகத்துக்கு அருகே வந்து உரக்கப் பேசினாள். எனக்குக் காது கேட்கும் என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

"கூட வர்றவங்க?"

"வரல."

"படி இருக்கு! பாத்து!"

ஓல்கா ஏற்கெனவே படியின் முன் நின்றுவிட்டிருந்தாள். நான் நின்றேன். அவள் ஏறினாள். நானும் ஏறினேன்.

உள்ளே துறைமுகக் காவலர் ஒருவர் வெடிகுண்டு தேடும் மோப்ப நாயோடு பைகளின் வரிசையில் நடந்துகொண்டிருந்தார். காது விறைத்த பழுப்பு நாய். ஒவ்வொரு பையையும் ஒரு நொடி முகர்ந்து தாண்டியது. என் பைக்கு வந்தது. உட்கார்ந்தது.

நாய் உட்கார்வது பார்க்கச் சாதுவான காரியம். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் பின்வாங்கினார்கள். சற்று முன் எனக்கு வழிவிட்டதைவிட வேகமாக.

"அண்ணே, அசையாதீங்க," என்றார் காவலர். சட்டையில் ஸீஸிஸ் என்று பெயர் இருந்தது. "பையில என்ன?"

"துணி. சாம்பிராணி. கரி."

"கரியா? கப்பல்ல சோறு போடுவாங்கண்ணே."

"சாம்பிராணிக்கு. மாமியார் கேட்டாங்க. தீவுல கிடைக்கறது நல்லா பத்தலையாம். மூணு பெட்டி."

அவர் பையைத் திறந்தார். வீட்டுக்கு வீடு இருக்கும் அந்த வட்டக் கரிவில்லைகள். தீக்குச்சி காட்டினால் தானாகப் பொறி விட்டுப் பற்றும். அப்படிப் பற்றுவதற்காக அதில் வெடியுப்பு கலந்திருக்கிறார்கள். முப்பத்துமூன்று வருடமாக அதன் புகையில் வளர்ந்தவன் நான், பொறியியல் படித்தவன். எனக்குத் தெரியாதது அந்த நாய்க்குத் தெரிந்திருந்தது.

"யாருக்குண்ணே?"

"மனைவிக்கு. நாளைக்கு நாப்பது."

ஸீஸிஸ் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். "கடவுள் அவங்கள மன்னிக்கட்டும். நீங்க ஆயுசோட இருங்க," என்று வழக்கமான துக்க வார்த்தையைச் சொன்னார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "கரி ஏறாது. சாம்பிராணி ஏறலாம்," என்றார். வேலையைச் சரியாகச் செய்ததற்காக அவருடைய நாய்க்கு ஒரு ரப்பர் பந்து கிடைத்தது. அது பந்தோடு ஓல்காவின் முகத்தருகே வந்து குதித்தது, குரைத்தது, வாலால் என் முழங்காலில் அடித்தது. ஓல்கா எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஒழுங்கு பாருங்க," என்றார் ஸீஸிஸ். "டேய், கத்துக்கடா. அக்கா வேலையில இருக்காங்க."

ஆறாவது கேள்வி: பிற நாய்களைக் கண்டால் கவனம் சிதறுகிறதா? நான் அதை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

சாப்பாட்டு மேசையில் என்னைப் பொலிக்ஸேனி என்ற அம்மாவோடு உட்கார வைத்தார்கள். வோலோஸில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயவில்லை. உட்கார்ந்ததும் உணவுப் பட்டியலை எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார்.

"பருப்பு சூப் இருக்கு தம்பி. கீரைச் சோறு இருக்கு. கத்தரிக்காய் இருக்கு. அவ்வளவுதான்."

பட்டியல் என் பக்கமாகவும் திறந்திருந்தது. மூன்றாவது வரியில் அடுப்பில் வாட்டிய ஆட்டுக்கால், எலுமிச்சை உருளைக்கிழங்குடன். அன்று வெள்ளிக்கிழமை. நான் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன். நான் விரதம் இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்திருந்தார். கீரைச் சோறு சாப்பிட்டேன். அவர் ஆட்டுக்கால் சாப்பிட்டார்.

"உங்களுது என்ன?" என்றேன்.

"அதே கீரைதான் தம்பி," என்றார், எலும்பை ஓரமாக வைத்தபடி.

ஓல்காவுக்காகக் கப்பலின் பின்தளத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே மரத்தூள். காலை ஒன்பது மணியிலிருந்து அவள் சிறுநீர் கழிக்கவில்லை. மாலை ஏழுக்கு நான்காவது முறையாகக் கூட்டிப்போனேன். பெட்டியில் ஏறி நின்றாள். என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். வழிகாட்டி நாய்கள் சொன்னால்தான் போகும். அதற்கு ஒரு சொல் பழக்குவார்கள். எவாந்தியா பழக்கியது என்னவென்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் தினமும் காலையில் பால்கனியிலிருந்து கேட்டதுதான். நான் சொன்னதில்லை. இந்த நாற்பது நாளும் வீட்டருகே காலி மனையில் அவிழ்த்து விட்டுவிடுவேன்.

சுற்றிலும் ஆட்கள் சாய்வு நாற்காலிகளில் இருந்தார்கள். நாலாபுறமும் கடல்.

"சீக்கிரம், பஸ் வந்துடுச்சு," என்றேன்.

ஓல்கா காதை உயர்த்தினாள். ஆனால் போகவில்லை. எவாந்தியா கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்வாள், பாதிச் சிரிப்போடு.

"பஸ் வந்துடுச்சூ."

ஓல்கா உட்கார்ந்து நீண்ட நேரம் சிறுநீர் கழித்தாள். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. பொலிக்ஸேனி.

"தம்பி," என்றார் மெதுவாக. "இது கப்பல்ப்பா. பஸ் வராது."

"சரிம்மா."

நான்காவது கேள்வி: வேறொருவர் குரலுக்குக் கட்டுப்படுகிறதா? எட்டில் இரண்டு போய்விட்டது. ஏழாவது இன்னும் இருந்தது.

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கப்பல் பாத்மோஸுக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சியது. சிறுபடகில் கரைக்குப் போனோம். மாமியார் அசிமினா கல்லறைத் தோட்டத்து வாசலில் நாற்பதாம் நாளுக்கான கோதுமைத் தட்டோடு நின்றார். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை, வெள்ளி நிறம் பூசிய பாதாமால் எவாந்தியாவின் முதல் எழுத்து.

"கரி எங்க?"

"நாய் கண்டுபிடிச்சிடுச்சு அத்தை."

"இவளா?"

"போலீஸ் நாய்."

"எம் பொண்ணோட சாம்பிராணிக்குப் போலீஸா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்கிட்ட ஒரு வேலை சொன்னேன், லாம்ப்ரோ. ஒண்ணே ஒண்ணு."

கடைசியில் அவருடைய தம்பியின் உணவகத்து அடுப்பிலிருந்து ஒரு வாளி தணல் வந்தது. பாதிரியார் அதைத் தூபக்காலில் போட்டுச் சாம்பிராணி வைத்தார். பிரார்த்தனை தொடங்கியது. புகையில் சாம்பிராணியும் பன்றிக்கொழுப்பும் ஓரிகானோ இலையும் கலந்து வந்தன. பாதிரியார் ஒரு முறை இருமினார். எவாந்தியா இருந்தால் பசிக்கிறது என்று சொல்லியிருப்பாள்.

நான் ஓல்காவின் கைப்பிடிப் பட்டையைக் கழற்றினேன். பட்டை இல்லாதபோது அவள் வேலையில் இல்லை, விரும்பியதைச் செய்யலாம். கல்லறைக்குப் போவாள், படுப்பாள், ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன். செய்தால் படிவத்தில் எழுத வசதியாக இருக்கும். அவள் மண்ணை ஒரு முறை முகர்ந்தாள். பிறகு தணல் வாளியின் பக்கம் போய் அதன் அருகே உட்கார்ந்து எச்சில் வடித்தாள்.

முடிந்ததும் கசப்புக் காபியும் பிராந்தியும் கொடுத்தார்கள். மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"பாவம், இன்னும் அவளுக்காகக் காத்திருக்கா அத்தை. தினம் ஆறு மணிக்குக் கதவுக்கிட்ட போய் நிக்கறா."

"ஆறு மணிக்கா?"

"சரியா ஆறுக்கு."

அவர் பிராந்தியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆறு மணிக்கு எவாந்தியா எங்க இருப்பா? வீட்லதானே. அஞ்சரைக்கு எனக்குப் போன் பண்ணுவா. ஆறு ஆனா, 'வைக்கறேம்மா, ஓல்கா கதவுக்குப் போயிட்டா, லாம்ப்ரோ வர்றான்'னு வச்சிடுவா. தினம்." என் முழங்காலைத் தட்டினார். "அவ நிக்கறது உனக்காகடா, மடையா."

நான் நாற்பது நாளாக விடுப்பில் இருந்தேன். ஆறு மணிக்கு அவள் கதவருகே நின்றபோதெல்லாம் அவளுக்குப் பின்னால் சோஃபாவில்தான் இருந்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐந்து. ஓல்கா வாளியை விட்டுவிட்டுத் தோட்டத்து இரும்புக் கதவின் முன் நின்றுகொண்டிருந்தாள், வெளியே பார்த்தபடி. நான் எழுந்து அவளைத் தாண்டி வெளியே போனேன். சாலையில் பத்தடி நடந்து, திரும்பி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தேன். வால் ஆடியது. என் கையை நக்கினாள். பிறகு வேலை முடிந்ததுபோலப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"இவனுக்கு என்ன ஆச்சு?" என்றார் பாதிரியார்.

"ஒண்ணுமில்ல சாமி," என்றார் மாமியார். "வீட்டுக்கு வந்திருக்கான்."

துறையில் சிறுபடகு தயாராக இருந்தது. நான் ஓல்காவுக்குப் பட்டையை மாட்டி, கல்லறை இருந்த மலையைத் திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். திடீரென்று ஓல்கா என் கால்களுக்குக் குறுக்கே வந்து நின்றாள். முழங்கால் அவள் விலாவில் இடித்தது. கீழே பார்த்தேன். படகு அலையில் விலகியிருந்தது. கரைக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் விழும் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். படகு மீண்டும் வந்து முட்டும்வரை அவள் நகரவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அன்று அது உதவவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பொலிக்ஸேனி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குடுங்க தம்பி. நான் வாசிக்கறேன், நீங்க சொல்லுங்க. எழுதறது நான்."

முதல் மூன்றும் சுலபம். நான்காவதுக்கு ஆம் என்றேன். "பஸ்ஸு," என்று தலையாட்டி எழுதினார். ஆறாவதுக்கு இல்லை என்றேன். ஏழாவதில் நின்றார்.

"இதுல யாரோ பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க."

"தெரிஞ்சவர்தான்."

"சரியா எழுதியிருக்காரா?"

"தப்பும்மா. அழிச்சிடுங்க."

கைப்பையிலிருந்து ரப்பர் எடுத்தார். ஆசிரியைகள் ஓய்வு பெற்ற பிறகும் ரப்பர் வைத்திருக்கிறார்கள். துப்புரவாக அழித்து, தூளை ஊதினார். ஒன்பதாவதை வாசித்தார். பிறகு தனக்குள் இன்னொரு முறை வாசித்தார்.

"வேறொருவருடனா? என்ன தம்பி இது? இவளைக் கொடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? எப்படி நடப்பீங்க?"

கண்ணாடியைக் கழற்றினேன்.

"எனக்குக் கண்ணு தெரியும்மா. நாய் என் மனைவியோடது. லாரிசால ஒரு பொண்ணுக்குத் தெரியாது. ஆம்னு போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கீழே ஓல்காவைப் பார்த்தார். பிறகு நேற்று நான் உட்கார்ந்து கீரை தின்ற இடத்தைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"அப்ப அந்த ஆட்டுக்கால்?"

"பாத்தேன்."

"எலும்பையுமா?"

"எலும்பையும்."

அவர் குனிந்து, கட்டத்துக்குள், அழகான கையெழுத்தில் 'ஆம்' என்று எழுதினார். படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"கண்ணாடியப் போட்டுக்கங்க," என்றார். "கப்பல் கரை சேரணும்ல. இல்லன்னா அவளை நடுக்கடல்ல இறக்கிடுவாங்க."

போட்டுக்கொண்டேன். அவர் உணவுப் பட்டியலைத் திறந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எதையும் விடாமல், ஒவ்வொன்றாக வாசித்தார்.