ஜெபம் நின்ற சூப்

திங்கட்கிழமை வந்தால் எங்கள் கோழிகளுக்குக் காலில் பலம் இருக்காது. கம்பில் ஏறப் பார்த்து, சிறகடித்து, தொப்பென்று விழும். வியாழனுக்குள் ஓரளவு தேறிவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி அதே கதை.

“எல்லாம் ரோலோஃப் வேலை. உருளைக்கெழங்குக்கு அடிக்கிற மருந்து காத்துல வருது,” என்றான் என் கணவன் எவர்ட். பக்கத்து வயல்காரர் மேல் பழி போட அவனுக்குக் காரணமே வேண்டாம். முதலில் நானும் நம்பினேன். ஆனால் காற்று கிழமை பார்த்தா வீசும்? கொட்டகைக்குள் தினமும் போய் வருவது அவன் ஒருத்தன்தான். அப்போதிருந்து என் சந்தேகம் புருஷன் மேல் திரும்பியது.

அன்றும் ஒரு திங்கட்கிழமை. மறுநாள் காலையில் லாரி வந்து கோழிகளைக் கறிக்கு ஏற்றிப் போக வேண்டும். அதற்குள் கால்நடை மருத்துவர் மார்க்யாவை நான் வரவழைத்தேன். செத்த கோழி ஒன்றைக் கீறினார். நெஞ்சுச் சதை வெளிறி, வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன.

“பூச்சிமருந்தா இருக்கலாம். சோதனை முடிவு வர்ற வரைக்கும் கறிக்கு அனுப்பாதீங்க. கொட்டகைக்குள்ள ஏதாவது அடிச்சீங்களா?”

“ஒரு சொட்டுகூட இல்ல. எல்லாம் ரோலோஃப் அடிக்கிறதுதான்,” என்றான் எவர்ட், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே.

அவர் போனதும், “லாரி வரட்டும். ரெண்டு கோடு இருந்தா கறி கெட்டுப்போச்சா?” என்றான்.

நான் கொட்டகையிலிருந்து ஒரு கோழியை எடுத்து அறுத்துச் சூப் வைத்தேன். அவன் கரண்டியைத் தூக்கினால் தட்டிவிடத் தயாராக எதிரே உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் கைகூப்பி, “ஆண்டவரே, இந்த உணவை...” என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை.

“சொல்லு. ஆறுது.”

“இது எந்தக் கோழி?”

“உன் கோழிதான். கறி நல்லாத்தான் இருக்குன்னியே!”

முகத்தைப் பொத்திக்கொண்டான். “கோழிங்க மேல பேன் மொய்க்குது. தெனமும் கொஞ்சம் அடிக்கிறேன். ஞாயித்துக்கெழம வேலை செய்யக் கூடாதில்ல? அதான் சனிக்கெழமையே அதுக்கும் சேத்து ரெண்டு பங்கா அடிச்சிடுறேன். அது ரெண்டு நாள் கழிச்சுத்தான் கால்ல காட்டுது போல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஓய்வுநாளுக்குப் பயந்த, பொய்க்குப் பயப்படலயே! அந்த மனுஷன் பேரை வேற கெடுத்த!”

“சொன்னா, அடிக்கக் கூடாத மருந்துன்னு அதிகாரிங்க வந்து எல்லாக் கோழியையும் கொன்னுடுவாங்க.”

“சொல்லலைன்னா? உன்னால ஜெபம் பண்ண முடியாத சூப்ப, நாளைக்கு எந்த வீட்டுப் புள்ள குடிக்கும்?”

எழுந்து மார்க்யாவுக்குப் போன் போட்டேன். எவர்ட் கை நீட்டினான். பிடுங்கி வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். காதில் வைத்துக்கொண்டான்.

“டாக்டர், லாரி வராது. மருந்தடிச்சது ரோலோஃப் இல்ல. நான்தான்.”