ஒரு அடுப்புக்கு ஒரு குடம்

ஒட்டுக்காரச் சந்தில் தண்ணீருக்கு மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள் நிற்கும். காலை ஆறு மணிக்கு நகரசபைக் குழாய் ஒரு முறை இருமிவிட்டு ஒழுகத் தொடங்கும். அதற்கு முன்பே பித்தளை, அலுமினியம், மண் என்று முப்பத்துநாலு குடங்கள் சந்து முக்கிலிருந்து தீப்பெட்டிக் கம்பெனிச் சுவர்வரை வளைந்து நின்றுவிடும். ஒரு அடுப்புக்கு ஒரு குடம் என்பது அங்கே சட்டம். இரண்டாவது குடம் வைத்துப் பார்த்த ஒருவருடைய குடம் மறுநாள் கம்பெனிக் கூரைமேல் இருந்தது. அது எப்படி ஏறியது என்று அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

கம்பவுண்டர் ஞானமுத்து அந்த வரிசையைக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கடந்து போவார். குழாய் இருமுவதற்குக் கால் மணி முன்னால், வேதக்கோயிலில் காலை ஜெபத்துக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கிருந்து நேராக மிஷன் மருந்துச்சாலை. குளியல் அங்கேயுள்ள கிணற்றில், சாப்பாடு எதிரேயுள்ள ஓட்டலில். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. தாம் கலக்கும் மருந்தைத் தாமே குடிக்க நேர்ந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

ஆறு வருஷம் என்பது மனைவி தேவமணி இறந்து ஆன கணக்கு. மகள் ஜெயசீலி வேலூரில் நர்சு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம், ஈஸ்டருக்கு ஒரு கடிதம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் பேச்சுக்குப் பதில் சொல்ல அங்கே ஒரு பல்லி மட்டும் உண்டு. மூலையில் பெரிய மண்பானையில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. குறைந்திருந்தால் யோசித்திருப்பார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், மருந்துச்சாலைக்குப் பக்கம் என்று தற்காலிகமாகக் குடிவந்தவர் அவர். சுற்றிலும் இருந்தவர்கள் மழை பொய்த்த வருஷங்களில் மல்லாங்கிணறு, ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வந்து தீப்பெட்டி ஒட்டிப் பிழைப்பவர்கள். அவர்களோடு அவர் பேசியது குறைவு. அவர்களைப் பற்றி எழுதியது அதிகம். நகரசபைக்கு அவர் அனுப்பிய மனுக்களில் கொசுவைப் பற்றி நான்கு, சாக்கடையைப் பற்றி ஏழு. கடைசியாகச் சந்து முழுவதையும் பற்றி ஒன்று.

அந்தக் கடைசி மனுவுக்கு 1962-இல் நகரசபை அசைந்தது. சந்தை இடித்துவிட்டு, ஊருக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளித் தரிசு நிலத்தில் நாலு வரிசை ஓட்டு வீடுகள். எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணை நாளில் வந்து சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒட்டிய பெட்டிகளை வெயிலில் காயப்போடும் பொட்டலில் சந்தே கூடியது. ஞானமுத்து நடுவில் நின்று, பிரசங்கக் குரலில் தொடங்கினார்.

"மனிதன் ஆரோக்கியமாக வாழ்வதற்குக் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும்."

"வெளிச்சம் இங்கனயும் வருது, கம்பவுண்டரய்யா," என்றாள் பத்திரகாளி. கை பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தது. "கூரை ஓட்டை வளியா வருது."

"மளையும் அதே வளிதான் வருது," என்றார் சந்து முக்கில் பெட்டிக்கடை வைத்திருந்த உதுமான். "ஐப்பசி மாசம் எங்க வீட்டுக்குள்ள மொளங்கால் தண்ணி. எம் பொண்டாட்டி சுலைகா கட்டில்மேல அடுப்பு வச்சுச் சோறாக்குறா. எனக்கென்னமோ போயிரலாம்னுதான் தோணுது."

"போங்க. அங்கன ஒங்க கடையில யாரு சாமான் வாங்குவா? ஓணானா?" என்றாள் பத்திரகாளி. "கம்பெனி வண்டி இந்த முக்கோட நிக்குது. ரெண்டு மைலு தாண்டி எவன் வந்து எங்களுக்குப் பொட்டி ஒட்டச் சில்லும் காயிதமும் குடுப்பான்? சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தெசையில போட்டுட்டா, நான் வேலைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள எம் பேத்திய யாரு பாத்துக்கிடுவா?"

பாதிக் கை போகலாம் என்றது, பாதிக் கை வேண்டாம் என்றது. சில கைகள் இரண்டுக்கும் தூக்கின. ஒன்றும் முடிவாகவில்லை.

நகரசபைக்கு வேறு கவலை. யார் குடியிருப்பவர் என்பதே புரியவில்லை. ஒரு கூரைக்குள் மூன்று குடும்பம் இருந்தது. மூன்று கூரைக்குள் ஒரு குடும்பமும் இருந்தது. வீடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் தொகை ஒரே வாரத்தில் இருமடங்கானது. குமாஸ்தா ரத்தினசாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது ஞானமுத்துதான் வழி சொன்னார். ஒரு அடுப்புக்கு ஒரு குடம். ஒருநாள் காலையில் வந்து குடத்தை எண்ணினால் போதும், ஒருவனும் ஏமாற்ற முடியாது. சொன்னதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார்: "வரிசையில் குடம் இல்லாதவரைச் சந்தில் குடியிருப்பவராகக் கருத வேண்டியதில்லை." ரத்தினசாமி அதை அப்படியே விதியாக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் நகரசபைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஞானமுத்து மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். முப்பத்துநாலு பெயர். அவர் பெயர் இல்லை. சந்து இடிபட்டதும் அவர் எங்கே போவது என்று அந்தச் சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ஒங்க கொடம் இல்லையே, ஐயா," என்றார் ரத்தினசாமி வருத்தத்தோடு. "நானே நின்னு ரெண்டு தரம் எண்ணுனேன்."

"நான் எதுக்குக் குடம் வைக்கணும்? வீட்ல தண்ணி இருக்கே."

"எங்கேர்ந்து வருது?"

ஞானமுத்து சுவரில் இருந்த பட்டியலை மறுபடி பார்த்தார்.

"வீட்ல அடுப்பு எரியுதா?"

"இல்ல. ஓட்டல்ல சாப்பிடுறேன்."

"கொடமும் இல்ல, அடுப்பும் இல்ல. நான் எங்கன எளுதட்டும்?" ரத்தினசாமி நல்ல மனிதர், இறங்கிவந்தார். "ஒண்ணு செய்ங்க. ஒங்களுக்கு யாரு தண்ணி கொண்டாந்து ஊத்துறாகளோ, அவுககிட்ட ஒரு எளுத்து வாங்கிட்டு வாங்க. அவுக அடுப்போட சேந்தவருன்னு போட்டுக்கிடுதேன்."

மறுநாள் ஞானமுத்து லீவு போட்டார். மருந்துச்சாலையில் அவர் செத்துப்போனாரோ என்று பேசிக்கொண்டார்கள். அவர் தம் வீட்டுக்குள் நாற்காலியில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணி அடித்துப் பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. இடுப்பில் குடத்தோடு தங்கத்தாய் வந்தாள், மூன்றாவது வீட்டுக்காரி. பானை மூடியை எடுக்கக் குனிந்தவள் அவரைக் கண்டு நின்றாள்.

"ஒடம்புக்கு முடியலையா, ஐயா?"

"நீதானாம்மா தினமும் தண்ணி ஊத்துறது?"

"இன்னைக்கு நானு. மொதக் கொடம் யாருதோ, அவுக ஒங்க பானையில ஊத்திட்டுத்தான் தனக்குப் பிடிக்கிறது. தேவமணியக்கா படுத்ததுலேர்ந்து அப்பிடித்தான்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

"என்னத்தச் சொல்ல. தண்ணிதான." குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். "அக்கா இருந்தப்ப எங்க கூடத்தான் குளாயடியில நிப்பாக. அவுக பேச்சு இருக்கே, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போகும். கம்பெனி மேஸ்திரி நடக்குற மாதிரி நடந்து காட்டுவாக. ஒங்களுக்குத் தெரியாததா."

அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் இருந்த தேவமணி அதிர்ந்து பேசாதவள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவரும் அதிகம் கேட்டதில்லை. இருபது அடி தூரத்தில், தினமும் காலையில், அவர் பார்த்தேயிராத ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப எந்த வீட்டோட என்னைச் சேக்கலாம்?" என்று மெதுவாகக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தங்கத்தாய்க்கு விளங்கவில்லை.

"முப்பத்திநாலு வீடும் ஊத்திருக்கோம். எந்த வீட்டச் சொல்ல?" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

எழுத்து கேட்காமலே விட்டுவிட்டார். தம் மனுவின் கடைசி மூன்று வரிகள் ஞாபகத்தில் வந்து நின்றன. அன்று முழுவதும் அதே நாற்காலியில் இருந்தார். தேவமணி மேஸ்திரி மாதிரி நடப்பதை நினைத்துப் பார்க்க முயன்றார். மேஸ்திரிதான் வந்தார், அவள் வரவில்லை.

விசாரணை நாளன்று நகரசபை மண்டபத்தில் முப்பத்துநாலு வீட்டுக்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து கதவோரம் நின்றார். அதிகாரி தலையசைத்ததும் ரத்தினசாமி மூல மனுவை வாசிக்கத் தொடங்கினார். கால்புள்ளி அரைப்புள்ளிக்கெல்லாம் மரியாதை கொடுத்து நிதானமாக வாசித்தார்.

"'...இச்சந்தில் வசிப்போர் ஒருவர்க்கொருவர் உதவும் பண்பு அற்றவர்கள். இவர்களிடையே உறவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே, இவர்களைப் பிரித்துத் தனித்தனியே குடியமர்த்துவதால் யாருக்கும் நட்டமில்லை.'"

"யாரு எளுதுனது?" என்று தங்கத்தாய் உதுமானிடம் ரகசியமாகக் கேட்டாள். உதுமான் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் எழுதினது," என்றார் ஞானமுத்து. பிரசங்கக் குரல் வரவில்லை. "அந்தக் கடைசி மூணு வரியும் பொய். பொய்யின்னு தெரியாம எழுதினேன். ஏன்னா விசாரிக்காம எழுதினேன். என் பெஞ்சாதி போன பிறகு ஆறு வருஷமா இவங்க எனக்குத் தண்ணி ஊத்திருக்காங்க. யார்னுகூட எனக்குத் தெரியாது. சாக்கடையக் கட்டுங்க, கூரையப் பிரிச்சு ஓடு போடுங்க, இன்னொரு குழாய் குடுங்க. இங்கேயே செய்ங்க. இல்ல, அங்கதான் போகணும்னா சீட்டுக் குலுக்காதீங்க. சந்தை சந்தாவே கொண்டுபோங்க. இது என் ஆட்சேபம்."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "உங்க பேர் இதுல இல்லையே. குடியிருக்கிறவங்க ஆட்சேபத்தை மட்டுந்தான் எழுத முடியும். விதி அப்படி."

விதியில் ஒரு குறையும் இல்லை. எழுதியவருக்கே அது தெரியும். ஞானமுத்து சுவரோடு ஒதுங்கிக்கொண்டார்.

பத்திரகாளி எழுந்தாள். கதவுப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"எம் பேரு பத்திரகாளி. பட்டியல்ல பதினோராவது ஆளு."

"சொல்லும்மா."

"இப்ப ஒருத்தரு சொன்னாருல்ல, அதுதான் என்னோடதும். எளுதிக்கிடுங்க."

"எனக்கும் அதேதான்," என்று உதுமான் எழுந்தார். "பிரிக்காம கொண்டுபோனா வாரேன். பிரிச்சா வரல."

அவருக்குப் பின் தங்கத்தாய். அப்புறம் ஒவ்வொருவராக. முதல் ஆறு பேருக்கு முழுசாக எழுதிய ரத்தினசாமி, ஏழாவதிலிருந்து "மேற்படி" என்று போட ஆரம்பித்தார். முப்பத்துநாலு பேரும் முடித்தபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்சேபங்களை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகவும், அதுவரை ஒரு கூரையையும் தொடுவதில்லை என்றும் சொன்னார்.

திரும்பும்போது வெயில் உச்சியில் நின்றது. சந்துக்காரர்கள் கூட்டமாக முன்னே போனார்கள். ஒருவரும் ஞானமுத்துவைத் திட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. ஐம்பது கஜம் பின்னால் அவர் தனியாக வந்தார். வாரச்சந்தை மேட்டருகே பத்திரகாளி நின்று, அவர் வரும்வரை காத்திருந்தாள்.

"ஒங்களுக்காகச் சொன்னோம்னு நெனச்சுராதீக. சொன்னது சரியா இருந்துச்சு, அதான்."

"தெரியும்மா."

"அளுக்குன்னு எளுதுனீக. சரி, அளுக்குதான். ஒறவு இல்லைன்னு எப்பிடி எளுதுனீக? எங்க யாரு வீட்டுலயாவது ஒரு நாளு வந்து ஒக்காந்திருக்கீகளா?"

ஞானமுத்து கையிலிருந்த கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"ஒரு எடத்தச் சீர்படுத்தணும்னு நெனைக்கிறவுக, மொதல்ல அங்கன இருக்கிற சனத்தோட பளகணும், ஐயா. அவுககிட்டக் கேட்டுட்டுச் செய்யணும். சனத்தப் பிரிச்சுப் போட்டுட்டு எம்புட்டு நல்ல வீடு கட்டிக் குடுத்தாலும், அது வெறுஞ் செவருதான். படிச்ச ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டு அவள் வேகமாகப் போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். முன்னால் உதுமான் என்னவோ சொன்னார்; தங்கத்தாய் சிரித்தாள். என்ன சொன்னார் என்பது இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது ஞானமுத்துவுக்கு. கொஞ்சம் எட்டி நடந்தார்.