சோஃபா எந்த மாநிலத்தில் இருக்கிறது?

மெர்ல் டோஸ்டலின் வீட்டை அவருடைய தாத்தா மாநில எல்லைக் கோட்டின் மேலேயே கட்டித் தொலைத்துவிட்டார். படுக்கையறை நெப்ராஸ்காவில், கூடம் கான்சஸில். எண்பது வருடமாக அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. போன வசந்தத்தில் மெர்ல் சருகைக் கொளுத்தப் போய், பக்கத்துப் பண்ணைக்காரர் ஃபென்ஸ்கியின் களஞ்சியம் சாம்பலானபோதுதான் வந்தது வினை.

ஃபென்ஸ்கி கான்சஸ்காரர். மெர்ல் நெப்ராஸ்காக்காரர் என்று காட்டி, டொபீகாவில் உள்ள மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். இந்த மாதிரி தகராறில் வேறு வேறு மாநிலத்து ஆட்கள் மோதினால்தான் அந்தக் கோர்ட் கை வைக்கும். அங்கே தீர்ப்புச் சொல்ல ஜூரியில் உட்காருகிற பொதுஜனங்களுக்கு மெர்ல் யாரோ எவரோ. தோற்றால் நிலம் போய்விடும். கான்சஸ் மாநிலத்தின் உள்ளூர்க் கோர்ட் என்றால் ஜூரியில் பாதிப் பேர் அவரோடு காலைக் காப்பி குடிக்கிறவர்கள். அங்கே போக ஒரே வழி, தானும் கான்சஸ்காரர் என்று நிரூபிப்பது.

அதற்குச் சாட்சி சோஃபா. எட்டு மாதமாக மெர்லுக்குக் கூடத்துச் சோஃபாவில்தான் படுக்கை. சர்ச் விருந்தில் மச்சினி செய்த ஆப்பிள் பைதான் ருசி என்று வாயை விட்டதற்கு மனைவி லவோன் கொடுத்த தண்டனை அது. ஊரறியச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் நிலத்தை நினைத்துச் சொல்லிவிட்டார். வக்கீல், எல்லைக் கோடு வரைந்த சோஃபாப் படத்தை நீதிபதியிடம் நீட்டினார். பின் வரிசையில் லவோன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி அம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு மாநிலத்துக்காரர் ஆக அங்கே படுத்தால் மட்டும் போதாது, அங்கேயே இருந்துவிடும் எண்ணமும் வேண்டும் என்றார்.

"மிஸ்டர் டோஸ்டல், சத்தியம் பண்ணியிருக்கீங்க. வழக்கு போட்ட அன்னைக்கு, கடைசிவரைக்கும் அந்த சோஃபாவுலயே இருந்துடலாம்னு நினைச்சீங்களா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். மெர்ல் பின்னால் திரும்பி லவோனைப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா. அன்னைக்கும் இல்ல, ஒரு நாளும் இல்ல. அவ ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா எழுந்து ஓடியிருப்பேன்."

ஃபென்ஸ்கிகூடக் குனிந்து சிரிப்பை மறைத்தார். மெர்ல் நெப்ராஸ்காக்காரர்தான், வழக்கு இங்கேயே நடக்கும் என்று நீதிபதி இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். வக்கீல் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்.

தாழ்வாரத்தில் மெர்ல், நிலம் போனாலும் போய்விடும் என்று முணுமுணுத்தார். லவோன் அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"போனா போகட்டும். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஜட்ஜ் வந்து கேக்க வேண்டியிருக்கு. எட்டு மாசமா நான் பெட்ரூம் கதவைத் தாழ் போடல. ஒரு தடவையாவது தள்ளிப் பாத்தீங்களா?"