மூடி திறக்குமுன் மூன்று முறை

சாக்கடையிலிருந்து எடுத்த எதையும் எங்கள் குடும்ப நிலத்தில் போட விடமாட்டேன் என்று மகள் பிரின்ஸியிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தேன். அவள் நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் பொறியாளர். கழிவுநீரோடு வீணாகப் போகும் மணிச்சத்தையும் தழைச்சத்தையும் அங்கே உரமாகப் பிரித்தெடுக்கிறார்கள். அதை எங்கள் சம்பா வயலில் போட்டுப் பார்க்க வேண்டுமென்பது அவள் பிடிவாதம்.

"பாக்காமயே வேணாங்கிறீங்களேப்பா. ஒரு தடவ வாங்க. வேட்டில கறை படாது, நான் கேரண்டி."

மறுத்தால் காரணம் கேட்பாள். அதனால் போனேன்.

என் அப்பா குழந்தைராஜ் கொள்ளிடம் வெள்ளத்தில் போனார் என்றுதான் பாபநாசத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்லறையிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறோம். உண்மையில், கூலிக்காக இந்த வளாகத்தின் கழிவுநீர்க் கிணற்றில் இறங்கியவர் ஏறி வரவில்லை. எனக்குப் பெண் பேசி முடித்திருந்த மாதம் அது. மகன் என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், நனைந்த உடலை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு என்று சொன்னவன் நான். முப்பத்தொன்பது வருடங்களாக என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

பிரின்ஸி என் உள்ளங்கையில் கொஞ்சம் மணிகளைக் கொட்டினாள். ஜவ்வரிசி போல வெள்ளையாக, உலர்ந்து இருந்தன. மக்னீசிய உப்பைக் கலந்தால் சத்தெல்லாம் இப்படித் திரண்டுவிடுமாம்.

"மோந்து பாருங்க, நாத்தம் இருக்கா?"

மணிகளில் இல்லை. ஆனால் எனக்கு அடித்தது. அன்று வண்டியில் அடித்த அதே நாற்றம்.

"இந்த உப்பே சில நேரம் குழாய்ல கல்லா அடைச்சுக்கும். இன்னிக்குப் பழைய கிணத்தத் தொறந்து சுத்தம் பண்றோம். ஆள் எறங்க மாட்டாங்க, மெஷின்தான்" என்று பின்பக்கம் அழைத்துப் போனாள்.

இரும்பு மூடியருகே சாமிதுரை என்ற ஊழியர் நின்றிருந்தார். வாயு அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு, ஸ்பேனரால் மூடியைத் தட்டினார்.

"குழந்தைராஜண்ணே, மேல வாங்க."

என் கை தானாக மூடிக்கொண்டது. மணிகள் உள்ளங்கையில் குத்தின.

"ஐயா பயந்துட்டாரு" என்று சாமிதுரை சிரித்தார். "ஒண்ணுமில்லைங்க. மூணு தடவ கூப்ட்டுட்டுத்தான் தொறப்போம். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். உள்ள எறங்கிச் செத்த ஒருத்தரு பேருங்க அது."

"அண்ணே, எங்க தாத்தா பேரும் அதான்!" என்றாள் பிரின்ஸி.

"அப்படிங்களா மேடம்? இவரு பாவம், அநாதை. என்னா ஏதுன்னு கேக்க வீட்லேர்ந்து ஒரு நாதி வரலையாம். அதான் ஆவி இங்கயே கெடக்குதும்பாரு எங்கப்பா."

மறுபடி தட்டினார். "குழந்தைராஜண்ணே, மேல வாங்க."

பேசாமல் நின்றிருந்தால் போதும். இன்னொரு முறை தட்டுவார், திறப்பார், வீட்டுக்குப் போய்விடலாம். என் குடும்பத்தைப் பற்றி எவனும் ஒரு சொல் சொன்னதில்லை; சொல்ல விட்டதில்லை. இப்போது என் முன்னாலேயே ஒருவர் என் அப்பாவை அநாதை என்கிறார்.

"அவரு அநாதை இல்ல" என்றேன். "எங்கப்பா."

சாமிதுரை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"கொள்ளிடம்னு சொன்னீங்க" என்றாள் பிரின்ஸி.

"பொய்."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சாமிதுரை மூடியை விட்டு விலகி நின்றார். "மூணாவது நீங்க கூப்டுங்கய்யா. நாங்க கூப்ட்டதெல்லாம் போதும்."

வாயைத் திறந்தேன். அப்பா என்ற சொல் வரவில்லை. பிரின்ஸி சட்டென்று மண்டியிட்டு மூடியின் மேல் கையை வைத்தாள்.

"தாத்தா, மேல வாங்க."

அடியில் எங்கோ நீர் ஒருமுறை குமுறி அடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு நானும் அந்த ஈரத் தரையில் மண்டியிட்டேன்.