மாம்பழப் படிப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த நாட்களில் ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை. "எங்கையாவது சரிவந்ததோ?" என்றுதான் கேட்பார்கள். லண்டனோ கனடாவோ அவுஸ்திரேலியாவோ, எங்கேயாவது போக வழி கிடைத்ததா என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் குண்டுக்குத் தப்பி வந்த சனம் கொழும்பை ஒரு பஸ் நிலையமாகத்தான் வைத்திருந்தது. பஸ் வராமல் நின்றவர்களில் ஒருவர் நாகேந்திரம் மாஸ்டர்.

மாஸ்டர் புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் எடுத்தவர். உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் ரியூசன் கொடுத்துப் பிழைத்தார். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எங்கே என்ன கோர்ஸ் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் மடை திறந்த மாதிரிக் கதைப்பார். நூலகத்துக்கு வருகிற கைநூல் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் வாசித்திருந்தார். எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, எந்த வளாகத்துக்குள் ஆறு ஓடுகிறது, எந்த விடுதியில் சமையலறை பொது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கால் வைத்ததுதான் இல்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. இடம் தருகிறோம், காசைக் கொண்டு வாரும் என்றார்கள். காசுக்கு அவர் எங்கே போவார்?

ஆகவே மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகப் பறந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் பனிக்குள் நின்று பல்லைக் காட்டி ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள். தசமப் புள்ளியை எங்கே போடுவதென்று தெரியாமல் இவருடைய மேசையில் முழித்துக்கொண்டிருந்தவன்கூட அனுப்பினான். மாஸ்டர் படத்தைப் பார்த்து "பெடியன் நல்லா வந்திட்டான்" என்று சொல்வார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பொறாமை என்று சொன்னால் மாஸ்டருக்குக் கோபம் வரும். அநியாயத்தைக் கண்டு மனம் பொறுக்கவில்லை என்பார். பெயர் எதுவானால் என்ன, வயிறு எரிந்தது உண்மை. ஆனாலும் அதெல்லாம் ஊரார் வீட்டுச் சமாசாரம், கதவைச் சாத்திவிட்டால் தெரியாது. இந்த முறை கதவைச் சாத்தியும் பயனில்லை. ஸ்கொலஷிப் வந்தது அவருடைய மனைவி பாலேஸ்வரிக்கு.

பாலேஸ்வரிக்கு அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. மரத்திலிருந்து இறக்கிய பழம் ஏன் அழுகுகிறது, எப்படி வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று பார்க்கிற வேலை. அந்தத் துறையில் ஒரு வருட முதுமாணிப் படிப்பு இங்கிலாந்தில் இருக்கிறதென்று மேலதிகாரி சொல்ல, அவளும் விண்ணப்பித்தாள். அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்ததே மாஸ்டர்தான். சிரித்துச் சிரித்துத் திருத்தினார். கிடைக்காது என்கிற தைரியத்தில் ஒரு மனிதன் எவ்வளவு நல்லவனாகவும் இருக்கலாம்.

கிடைத்துவிட்டது. படிப்புச் செலவு, விமானச் சீட்டு, சாப்பாடு, குளிருக்குக் கோட்டு வாங்கக் காசு, அத்தனையும் சேர்த்து.

மாஸ்டர் "நல்லது" என்றார். துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர்த் தாங்கி காய்ந்து, கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் கனகசபாபதி "மாஸ்டர், இனிக் கடல்தான் மிச்சம்!" என்று சத்தம் போடும்வரை குளித்தார். அப்படியும் சூடு தணியவில்லை.

அடுத்த நாளே பகிடி தொடங்கிவிட்டது. "மாங்காய் பழுக்க ஊரிலை ஒரு பிடி வைக்கல் காணும். எங்கடை அம்மணிக்கு லண்டன் வேணுமாம்," என்றார் ரியூசன் பிள்ளைகளுக்கு முன்னால். "எம்.எஸ்சி. மாம்பழம்" என்று பட்டமும் சூட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பாலேஸ்வரியும் சிரித்துக்கொண்டே அவருக்கு முன்னால் தேநீரை வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒரு சொல் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் போகப்போகிற ஊரை அவர் மனத்துக்குள் எத்தனையோ தரம் நடந்து பார்த்தவர். அங்கேயுள்ள பல்கலைக்கழக நூலகத்தின் மாடிப்படிகூட அவருக்குத் தெரியும். ஒரு கைநூலைப் புரட்டிப் பார்க்காதவள் போய் அந்தப் படியில் ஏறப்போகிறாள். இதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு காந்தியது.

"இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோவன்," என்றாள் பாலேஸ்வரி ஒருநாள். "மனுசன்மாரையும் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

மாஸ்டரின் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது.

"விசாவிலை டிப்பெண்டன்ற் எண்டு அடிச்சுத் தருவினமாம்," என்று அவள் முடித்தாள்.

கனகசபாபதி ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டாலும் தமிழ்ப்படுத்தாமல் அவருக்கு நித்திரை வராது. "தங்கி வாழ்பவர்," என்றார் இதைக் கேள்விப்பட்ட உடனே. "முந்தி எங்கடை கந்தோரிலை இந்தச் சொல்லு வரும். சின்னப் பிள்ளையள், ஏலாத கிழடுகள், இப்ப மாஸ்டர்!"

தமிழ் வீடுகள் எல்லாம் கட்டாயமாகச் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் அந்த மேல் வீட்டின் பிரதான குடியிருப்பாளர் நாகேந்திரம் என்றுதான் எழுதியிருந்தது. கொழும்பில் ஒரு தமிழ் ஆம்பிளைக்கு மிஞ்சிக் கிடந்த தலைமைப் பதவி அது ஒன்றுதான். அதையும் பறிக்கப் பார்க்கிறாளே என்று மாஸ்டர் பொருமினார்.

பாலேஸ்வரியோ விட்டபாடில்லை. நாளுக்கொரு தரமாவது வாங்கோ, வாங்கோ என்றாள்.

"அங்கை படிக்கிற ஆக்களின்ரை குடும்பத்துக்கும் யூனிவேசிற்றியிலை கோர்ஸ் வைச்சிருக்கினமாம். சும்மா போய்ப் படிக்கலாமாம்."

மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டார். இப்படியொன்று எந்தக் கைநூலிலும் அவர் வாசித்ததில்லை. "என்ன கோர்ஸ்?"

"இங்கிலிஷ் கதைச்சுப் பழகிற கோர்ஸ். பிறகு, துண்டுத் துணியளைப் பொருத்திப் போர்வை தைக்கிறது. கேக் அடிக்கவும் பழக்குவினமாம். உங்களுக்குப் பொழுது போகும். நான் லெக்சர் முடிஞ்சு வரேக்கை நீங்கள் சோத்தைக் காய்ச்சி வைச்சிருந்தியள் எண்டா எனக்கும் பெரிய உதவி."

அவள் இதையெல்லாம் எவ்வளவு அன்பாகச் சொன்னாள்! அந்த அன்புதான் அவருக்கு மிளகாய்த் தூளாக எரிந்தது. ஆனால் அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. தனக்கும் சேர்த்து விசாவுக்கு விண்ணப்பித்தார். ஏனென்றால் அவருடைய மனத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது.

விசா கொடுப்பவர்களுக்கு உள்ள ஒரே பயம், போகிற தமிழன் திரும்பி வரமாட்டான் என்பது. மாஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். புருஷனும் மனைவியும் சோடியாகப் போகிறார்கள். பிள்ளை குட்டி இல்லை. ஊரில் உள்ள வீடும் இராணுவ முகாமுக்குள் கிடக்கிறது. இவர்கள் ஏன் திரும்பி வரவேண்டும் என்று அந்த அதிகாரி யோசிக்கிற நேரம் பார்த்து, "அங்கே போனால் நானும் கலாநிதிப் பட்டத்துக்கு முயற்சி செய்வேன்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். இரண்டு கடவுச்சீட்டும் வெறுமையாகத் திரும்பி வந்துவிடும். பொய்யும் இல்லை, பழியும் இல்லை. பாலேஸ்வரி இங்கே, மாம்பழமும் இங்கே, எல்லாம் பழையபடி. இந்த நினைப்பு வந்தபோது மாஸ்டருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் அவர் அதை விரட்டவில்லை. தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பார்கள். இங்கே எதிரி தாலி கட்டின மனைவி.

விசா நேர்முகத்துக்குக் கொள்ளுப்பிட்டியில் இருந்த பிரித்தானியத் தூதரகத்துக்குப் போனார்கள். வழியில் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய் "கொஹெத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு அந்த நாளில் மறுமொழி சொல்லாமல் தப்ப முடியாது. பாலேஸ்வரி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசாவைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள். சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்துவைத்தவள் என்று சிங்களத்தில் முணுமுணுத்தான். மாஸ்டர் பஸ்ஸில் ஏறித் தன் வசனத்தை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விசா அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். மாம்பழத்தைப் பற்றி முதுமாணி வரை படிக்க என்ன இருக்கிறது என்று பாலேஸ்வரியைக் கேட்டாள். மாஸ்டர் உள்ளூரச் சந்தோசப்பட்டார். அவரும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்!

பாலேஸ்வரி சொன்னாள். வடக்கிலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் லொறியில் வருகிறது. வவுனியாவில் சோதனைக்கு ஒவ்வொரு பெட்டியாக இறக்க வேண்டும். பிறகு ஏற்ற வேண்டும். வெயிலில் நாட்கணக்காக வரிசையில் நிற்க வேண்டும். கொழும்புக்கு வந்து சேரும்போது பெட்டிக்குள் இருப்பது பழமில்லை, சாறு. விற்றுச் சீவிக்கிற சனம் அதைக் கொட்டிவிட்டு அழுதுகொண்டு போகிறது. "சண்டையை என்னால் நிறுத்த முடியாது. பழத்தை இன்னும் ஒரு கிழமை தாங்க வைக்கலாம்," என்றாள்.

ஒருமை பன்மை பிழைத்த ஆங்கிலம். மாஸ்டர் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதிகாரி எண்ணவில்லை, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இத்தனை வருடம் இருந்தவள் இப்படி ஒருநாளும் தன்னோடு பேசியதில்லையே என்று மாஸ்டருக்குப் பட்டது. கேட்கிற பழக்கம் தனக்கு இருந்ததா என்று அவர் யோசிக்கவில்லை.

பிறகு அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய நெற்றி சுருங்கியது. மாஸ்டர் காத்திருந்த சுருக்கம் அதுதான். வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதிகாரி நிமிர்ந்து சிரித்தாள். "அப்படியானால் நீங்கள்தான் டிப்பெண்டன்ற், இல்லையா?"

"நோ!" என்றார் மாஸ்டர். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒருவருக்கும் டிப்பெண்டன்ற் இல்லை. எனக்கு இங்கே தொழில் இருக்கிறது. நான் போகவில்லை. நான் இங்கேயேதான் இருப்பேன்!"

"மனைவி திரும்பி வரும்வரை?"

"திரும்பி வரும்வரை!"

பிழையில்லாத ஆங்கிலம். அதிகாரியின் நெற்றி விரிந்தது. புருஷன் கொழும்பில் காத்திருக்கிறான் என்றால் மனைவி வராமல் எங்கே போவாள்? அவருடைய கடவுச்சீட்டை அவரிடம் தள்ளிவிட்டுப் பாலேஸ்வரியினுடையதைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். மூக்கும் போயிற்று. சகுனமோ பாலேஸ்வரிக்கு நல்லதாகவே முடிந்துவிட்டது.

வெள்ளவத்தையில் செய்தி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? "மனிசியின்ரை படிப்புக்காகக் கையிலை வந்த லண்டனை விட்டெறிஞ்ச மனுசன்!" என்று கனகசபாபதி ஒழுங்கை முழுக்கச் சொன்னார். பாலேஸ்வரியோடு வேலை செய்கிற ஐறீன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூட வந்த புருஷன் ஹெக்டரிடம் "பாத்துப் படியும்" என்று மாஸ்டரைக் காட்டினாள். ஹெக்டர் மாஸ்டரை முறைத்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்பதில் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்ச நாளில் அந்தத் தியாகத்தை அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

பயணத்தன்று பின்னேரம் பாலேஸ்வரி கட்டிலில் சூட்கேசைத் திறந்து வைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதிரையில் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"பாலேஸ், நானும் வாறனெண்டு நிண்டிருந்தா உமக்கு விசா கிடைச்சிராது. அதை யோசிச்சுத்தான் விட்டனான். நீர் நல்லாப் படிக்கவேணுமெண்டுதான்."

பாலேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"யூனிவேசிற்றியிலை நான் குடும்ப வீடு கேக்கேல்லை," என்றாள். "முதலே தனி அறைதான் கேட்டு எழுதினனான்."

மாஸ்டருக்கு விளங்கவில்லை. "அப்ப ஏன் என்னை வாங்கோ வாங்கோ எண்டு அந்தப் பாடு படுத்தினனீர்?"

"கூப்பிடாமல் விட்டிருந்தா வந்திருப்பியள்."

கீழே கனகசபாபதி யாருக்கோ மாஸ்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பது யன்னலால் கேட்டது.

"அந்தக் கோர்சுகள்? போர்வை தைக்கிறது?"

"அதுவும் இருக்குத்தான். ஆனா, விரும்பினா எந்த லெக்சரிலையும் போய் இருக்கலாமாம். புள்ளிவிபரவியலிலையும் இருக்கலாமாம். நூலக அட்டையும் தருவினமாம். அதை மட்டும் நான் உங்களுக்குச் சொல்லேல்லை." அவளுடைய கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "அண்டைக்கு அந்த வெள்ளைக்காரி கேக்கேக்கை எனக்கு நெஞ்சு இடிச்சது, எங்கை ஓம் எண்டிடுவியளோ எண்டு."

"பாலேஸ்..."

"உங்களிலை எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. ஆனா நீங்கள் அங்கை வந்து, ஒவ்வொரு நாளும் என்ரை புத்தகத்தைப் பாத்துப் பாத்து வெந்துகொண்டிருப்பியள். நான் உங்களை ஆத்திறதோ படிக்கிறதோ? ஒரு வருசம், ஒரேயொரு வருசம், எனக்குப் படிக்கோணும்."

மாஸ்டர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம். அதற்குப் பின்னாலேயே, பழக்கதோஷம், பொறாமையும் வந்துவிட்டது. இவ்வளவு கெட்டித்தனம் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது, தனக்கு ஏன் வரவில்லை?

பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையை வைத்து, சூட்கேசின் மூடியை அழுத்திப் பார்த்தாள். அது மேலெழும்பியே நின்றது.

"இஞ்சாருங்கோ, இதிலை ஒருக்கா ஏறி இருங்கோ. பூட்டு விழுதில்லை."

மாஸ்டர் எழுந்து போய் ஏறி இருந்தார். நல்ல பாரமான மனிதர். பூட்டு உடனே விழுந்தது.