வெறும் வயிற்றில் பார்த்த வண்டி

அந்த நீல வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்று மேல்சித்தாமூரில் ஒரு மாதமாகப் பேச்சு. வாங்கப்போகிற இந்துமதியைத் தவிர மற்ற எல்லாரும் பேசினார்கள். அவள் வண்டி வாங்குவது என்று முடிவு செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இந்த வண்டியா, வேறு வண்டியா என்பது மட்டும்தான் பாக்கி.

முப்பத்துமூன்று வயது. செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடமாக வேலை. காலை ஏழு மணிக்கு ஊசியைக் கையில் எடுத்தால், மாலை ஐந்துக்குத்தான் கையுறையைக் கழற்றுவாள். ஐந்து பத்துக்கு ஊருக்கு ஒரு டவுன் பஸ். அது வந்தால் வரும். வராவிட்டால் அடுத்தது ஆறரைக்கு. அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், பரம்பரைச் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை போடாதவர்கள். ஆறரை பஸ் என்றால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. வாரத்தில் இரண்டு நாளாவது இந்தக் கூத்து நடக்கும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்துமதிக்கு எட்டு வருடப் பசியில் ஒன்றும் பறக்கவில்லை, கோபம் ஒன்று கூடுதலாக வந்து உட்கார்ந்துகொண்டது.

டப்பாவில் கட்டிக்கொண்டு போ என்றாள் அம்மா ரத்தினம்மாள். கட்டிக்கொண்டும் போனாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஆறிப்போன சோற்றை விழுங்குவதை நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் “இன்னாக்கா, அஞ்சு மணிக்கே டின்னரா?” என்று கேட்டான். இரண்டு வருடம் பொறுத்துவிட்டு டப்பாவை அலமாரிக்கு அனுப்பிவிட்டாள்.

“அப்போ ஒரு ஸ்கூட்டர் வாங்கு” என்றார்கள். இதற்குத்தான் அவளிடம் சரியான பதில் இல்லை. ஸ்கூட்டரும் பொழுதோடு வீடு சேர்க்கும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அவளுக்கு ஆசை அந்தக் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக்கின் மேல்தான். தம்பி ஜீவகன் கார் வாங்கியபோது ஏன் வாங்கினாய் என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. இவள் ஆசைக்கு மட்டும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

“பொண்ணு பாக்க வர்றவன் இன்னா நெனைப்பான்?” என்று கேட்டார் தாய்மாமன் புஷ்பதந்தன்.

“அவனுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வெக்கறேன் மாமா.”

வண்டி பார்க்கப் போகிற அன்று, ஆண் துணை இல்லாமல் போகக் கூடாது என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு மாமாவும் வந்துவிட்டார்.

திருவண்ணாமலை ரோட்டில் இளையபெருமாளின் பழைய வண்டிக் கடை. இந்துமதி அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்கு வருகிறேன் என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். ஆள் இல்லை, அஞ்சுக்கு வாம்மா என்றுவிட்டான். அவன் அப்பா அந்தக் காலத்து மாட்டுத் தரகர். நயினார் வீட்டுக்காரர்களிடம் எந்த நேரத்தில் மாட்டைக் காட்ட வேண்டும் என்பது தரகருக்கு அத்துப்படி. பொழுது இறங்கும்போது காட்டினால் அவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டார்கள், பேரமும் நீளாது. அவர்களுக்கு வீட்டில் சோறு காத்திருக்கும். அப்பன் மாட்டில் படித்த பாடத்தை மகன் பைக்கில் நடத்திக்கொண்டிருந்தான்.

வண்டி கழுவித் துடைத்துப் புதுப்பெண்ணாக நின்றது. இந்துமதி போட்டோவில் பார்த்ததைவிட அழகாக இருந்தது, என்ன செய்வது!

“இந்தாங்க நயினாரே, ஓட்டிப் பாருங்க” என்று சாவியை மாமாவிடம் நீட்டினான் இளையபெருமாள்.

மாமா சீட்டை ஒரு தட்டுத் தட்டி, “நல்லாத்தான் இருக்குது” என்றார். மொபெட்டைத் தவிர வேறு எதையும் அவர் ஓட்டியதில்லை.

“வாங்கறது நானுண்ணே” என்று சாவியை நடுவில் மறித்து வாங்கிக்கொண்டாள் இந்துமதி.

டயரைப் பார்த்தாள். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரை வண்டியில் இருந்த நம்பரோடு வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியாகக் குந்தி உட்கார்ந்து எஞ்சின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். அடுப்புக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி அனல் அடித்தது.

“இப்பத்தான் ஓட்டனீங்களாண்ணே?”

“இல்லம்மா. காலையிலேருந்து இங்கியேதான் நிக்குது. வெயிலு.”

வண்டி நின்றது கூரைக்கு அடியில். இந்துமதி அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முகம் அவளுக்குத் தினமும் பழக்கம். காலையில் நாலு இட்லியைத் தின்றுவிட்டு, வெறும் வயித்துலதான் வந்தேன் என்று சர்க்கரை டெஸ்டுக்குக் கையை நீட்டுகிற முகம். தின்ற இட்லியை ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். பழைய எஞ்சினும் அப்படித்தான். சூடாக இருந்தால் நோயை மறைக்கும், ஆறியிருந்தால் மறைக்காது. ஆறு மாதமாகப் போனில் வீடியோ பார்த்து அவள் கற்றுக்கொண்டதில் முதல் பாடம் இது.

“எஞ்சின் நல்லா ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்.”

“அது ஆற ரெண்டு மணி நேரம் ஆவும்மா.”

“ஆவட்டும்.”

இளையபெருமாள் அவளை விட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினான். “பொழுது போவுது நயினாரே. நீங்க சாப்பிடற நேரம். அட்வான்ஸ் குடுத்துட்டுக் கெளம்புங்க. நாளைக்கி வேற பார்ட்டி வருது, அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

மாமாவுக்கு அது தேவவாக்காகக் கேட்டது. சூரியன் ராஜகிரி மலையின் உச்சிக்கு இறங்கியிருந்தது. “இந்து, குடுத்துட்டு வா. இல்ல, வேணாம்னு சொல்லிட்டு வா. ஏதோ ஒண்ணு பண்ணு. இப்பக் கெளம்பினாத்தான் ஊட்டுல ஒரு வாய் சாப்பிடலாம்.”

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டது. வயிறு காந்தியது. எதிர்க்கடையில் பஜ்ஜி போட ஆரம்பித்திருந்தான். பணத்தைக் கொடுத்துவிட்டால் ஆசைப்பட்ட வண்டி கைக்கு வந்துவிடும், சோறும் கிடைக்கும். நாளைக்கு வண்டி நடுரோட்டில் நின்றால், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஊரே சேர்ந்து சொல்லும். எழுந்து போய்விட்டாலோ, ஸ்கூட்டர்தான். இரண்டில் எதைச் செய்தாலும் தன் பசியைக் காட்டி இன்னொருத்தன் முடிவு எடுத்ததாக ஆகிவிடும். அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எட்டு வருடம் பட்டினியில் பழகிய வயிறு இது. இந்த வயிற்றிடமா இவன் வியாபாரம் பண்ணுகிறான்?

“நீங்க போங்க மாமா. எனக்கு இன்னைக்கி சோறு வேணாம்.”

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சாவியை விரலில் மாட்டிக்கொண்டாள்.

மாமாவால் போக முடியவில்லை. பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வந்தாயா என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? அவரும் ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டார். சூரியன் மலைக்குப் பின்னால் போனபோது அவர் விட்ட பெருமூச்சு ரோடுவரைக்கும் கேட்டது. இளையபெருமாள் உள்ளே போனான், வெளியே வந்தான், யாருக்கோ போன் பண்ணினான். இரண்டு தடவை “கடைய மூடணும்மா” என்றான். “மூடற நேரம் எட்டரைன்னு போர்டுல எழுதியிருக்குதேண்ணே” என்றாள் இந்துமதி.

ஏழு மணிக்குக் கை வைத்துப் பார்த்தாள். எஞ்சின் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினாள். முனகியது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை எடுத்தது, கூடவே தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

“எஞ்சினுக்குள்ள டைமிங் செயின் போயிருக்குது” என்றாள்.

“அதெல்லாம் சூடானா சரியாப் பூடும்மா.”

“அதுக்குத்தான் சூடாக்கி வெச்சிருந்தீங்களா?”

மாமா சிரித்துவிட்டார். பசியிலும் சிரிப்பு வந்தது அவருக்கே ஆச்சரியம். சிரித்த கையோடு, “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல? பேசாம ஸ்கூட்டர்…” என்று ஆரம்பித்தார்.

“வண்டி வேணாம்னு நான் சொல்லல மாமா. இந்தச் சத்தம் வேணாம்னுதான் சொல்றேன்.” பிறகு இளையபெருமாளிடம் திரும்பினாள். “உங்க செலவுல செயினை மாத்தி வைங்க. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வருவேன். நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பண்ணா எனக்குத் தெரியும். எட்டு வருஷமா எனக்கு அதான் வேலை.”

இளையபெருமாள் இந்தத் தடவை மாமாவைப் பார்க்கவில்லை. “சரிம்மா” என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சின் ஜில்லென்று இருந்தது. ஒரே அழுத்தில் எடுத்தது. டப்பாவும் இல்லை, புளியங்கொட்டையும் இல்லை. பணத்தைக் கொடுத்து, பெயர் மாற்றும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். மாமாவை அவள் கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது ஐந்து பத்து பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. ஐந்தரைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள். சூரியன் தென்னை மரத்துக்கு மேலே தாராளமாக நின்றது. தெருவில் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ரத்தினம்மாள் சுடச்சுடச் சோறு போட்டுவிட்டு, கைகழுவச் செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். மாமாவும் வந்திருந்தார்.

“ஸ்கூட்டர்ல வந்திருந்தாலும் இந்நேரத்துக்கு வந்திருக்கலாம்” என்றார்.

“வந்திருக்கலாம் மாமா.”

ஒத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. இத்தனை நாளும் சோற்றைக் காரணம் காட்டிக்கொண்டிருந்ததுதான் இப்போது வெட்கமாக இருந்தது. சூரியனைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த செம்பைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியை வந்த வழிக்குத் திருப்பினாள்.

“எங்கடி போற? சோறு போட்டுட்டேன். பொழுது பூடும்டி!”

“போனாப் போவட்டும்மா. எட்டு வருஷம் பஸ்ஸுக்காவ பட்டினி கெடந்தேன். இன்னைக்கி ஒரு நாளு எனக்காவ கெடக்கறேன்.”

குனிந்து கிளட்ச்சை விட்டாள். வண்டி தெருமுனையில் திரும்பி, ரோட்டில் ஏறி, சத்தம் தேய்ந்து போகிறவரை ரத்தினம்மாள் செம்பும் கையுமாக நின்றாள்.

மாமா காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“செயின் சத்தம் சுத்தமா இல்லக்கா” என்றார்.